கண்மாயில் நின்ற விமானந்தாங்கி

மேலநீராவிக் கண்மாயில் தண்ணீர் நின்று பார்த்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஒரு வைகாசிக் காலையில் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறிய பஞ்சவர்ணம், கண்மாய்க்கு உள்ளே, வெடித்துக் கிடந்த தரையின் மேல், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் நிற்பதைப் பார்த்தாள். ஒரு மரம் ஒடியவில்லை, கரையில் ஒரு பிடி மண் சரியவில்லை, வந்த தடம் என்று பின்னால் எதுவும் இல்லை. வெகுதூரம் நடந்து வந்த மாடு கிடைத்த இடத்தில் காலை மடக்கிப் படுத்ததைப்போல, ஒரு பக்கமாய்ச் சற்றே சாய்ந்து, கப்பல் அங்கே இருந்தது. ஆடுகள் அவளுக்கு முன்பே ஓடிப்போய் அதன் நிழலில் ஒண்டிக்கொண்டன. அந்த ஊரில் நிழலைப் பார்த்து நீ யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சவர்ணமும் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் சொன்னாள்.

“கம்மாய்க்குள்ள ஒரு கப்பல் நிக்குது. ஒங்க கப்பல் மாதிரி இருக்கு.”

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த வழிவிட்டான் எழுந்திருக்கவில்லை.

“முன்னாடி மூக்கு மேல தூக்கியிருக்கா?”

“மொறத்து நுனி கணக்கா தூக்கியிருக்கு.”

“கோபுரம் எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். ஓரத்துல.”

“அதுதான்,” என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, சுவரிடம் சொல்வதுபோல, “அறுத்துப் போட்டும் அதுக்குப் போக எடமில்லை பாரு,” என்றான்.

வழிவிட்டான் மீசை அரும்பிய வயதில் கடற்படைக்குப் போனவன். எந்த ஊர் என்று கேட்டார்கள், மேலநீராவி என்றான். நீராவி ஊர்க்காரனை வேறெங்கே போடுவது என்று கேலி பேசி, கொதிகலன் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேலியிலேயே முப்பது வருசத்துக்கு மேல் ஓடிப்போனது. கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, எட்டுக் கண்ணும் திறந்து எரிகிற அடுப்புகளுக்கு முன்னால் நின்றே அவன் உலகத்தைச் சுற்றினான். லீவில் வரும்போது, கடலைப் பார்த்தாயா என்று ஊரார் ஆசையாய்க் கேட்டால், “பார்க்கலை, கேட்டேன்,” என்பான். வேலை முடிந்து ஊருக்கு வந்த பிறகு அவன் எதையும் செய்ய விரும்பவில்லை. வேப்பமர நிழலில் கட்டிலைப் போடுவான், நிழல் நகர்ந்தால் கட்டிலை நகர்த்துவான். அந்தக் கப்பலையும் பணியிலிருந்து விலக்கி, வடக்கே ஏதோ ஒரு கரைக்கு இழுத்துப் போய், கேஸ் வைத்து அறுத்துப் பிரித்ததைப் பேப்பரில் படமாகப் போட்டிருந்தார்கள். குறுக்கே அறுத்த பலாப்பழம்போல அறை அறையாய்த் தெரிந்த அந்தப் படத்தை அவன் டீக்கடையில் வைத்துப் பார்த்தான், பேப்பரை நாலாய் மடித்துப் பெஞ்சில் வைத்தான், வீட்டுக்கு வந்து படுத்தான். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தான்.

ஊர் கூடிப்போய்ப் பார்த்தது. பார்த்த எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை நினைவுக்கு வந்தது, ஆனால் யாரும் போகவில்லை. கப்பலுக்கு டெல்லியில் வைத்த பெரிய பெயர் ஒன்று இருந்தது. அது வாயில் நுழையாததால் விமானந்தாங்கி என்றார்கள், மதியத்துக்குள் அதுவும் நீளமாய்ப் போய், தாங்கி என்று ஆனது. ஊர்த் தலைவர் பவுன்ராசு வழிவிட்டானைத் தேடி வந்தார்.

“என்னண்ணே, ஒங்க கப்பலாமே.”

“எங்கது இல்லப்பா. அதுகிட்ட நான் இருந்தேன், அம்புட்டுத்தான்.”

“வந்து என்ன ஏதுன்னு பாருங்க. தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்.”

வழிவிட்டான் வந்தான். கரையில் நின்று பார்த்தானே தவிர உள்ளே இறங்கவில்லை. இளவட்டங்கள் மூங்கில் ஏணி வைத்து, கதவு இருக்க வேண்டிய ஓட்டை வழியாக ஏறிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார்கள். அறை இருந்தது கதவில்லை, படிக்கட்டு இருக்கும் இடத்தில் வெறும் குழி இருந்தது படியில்லை, குழாய் போன தடம் இருந்தது குழாயில்லை, ஆணி அடித்த துளைகள் ஆயிரம் ஆயிரமாய் இருந்தன, ஒன்றிலும் ஆணி இல்லை.

“தோலும் எலும்பும்தான் வந்திருக்கு,” என்றான் வழிவிட்டான். “இந்த மாதிரிக் கப்பலைக் கட்டுறதுக்கு முன்னாடி படம் வரைவாங்க. படத்துல ஒவ்வொரு ஆணிக்கும் எடம் குறிச்சிருக்கும். அந்த ஆணி போயிட்டா மாட்டுறதுக்கு இன்னொரு ஆணி கரையில கிட்டங்கில கெடக்கும். பாதிக் கப்பல் கடல்ல இருக்கும், பாதிக் கப்பல் கிட்டங்கில இருக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கப்பல்.”

“இதுக்குக் கிட்டங்கி எங்கண்ணே?”

அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

முதலில் போனது சாகுலின் பழைய இரும்புக்கடை. விடிந்து வந்து தட்டியை விலக்கிப் பார்த்தால், வருசக்கணக்காய்ச் சேர்த்த இரும்பில் ஒரு துரும்பு இல்லை. எடைபோடும் படிக்கல் வரை போயிருந்தது. எல்லாம் தாங்கிக்குள் இருந்தது. எதுவும் உருமாறவில்லை, ஆனால் எல்லாம் பொருந்தியிருந்தது. உடைந்த டிராக்டரின் அச்சு ஏதோ ஒரு சக்கரத்துக்குள், சைக்கிள் ரிம்கள் வட்ட ஜன்னல்களுக்கு, ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகைத் தகரம் ஒரு சுவருக்கு என்று, அதற்காகவே படம் போட்டுச் செய்ததைப்போல இடுக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது. சாகுல் வாய்விட்டு அழுதான்.

“அப்ப என் கடையில இருந்ததெல்லாம் இதுக்குச் சொந்தமா மாமா?”

“அறுத்த இரும்பு உருக்குப்பட்டறைக்குப் போகும் மாப்ள. உருக்குனா கம்பியாகும், கம்பி வீடாகும், வாளியாகும், கலப்பையாகும். கொஞ்சங்கொஞ்சமா எல்லா ஊருக்கும் போயிரும். நம்ம ஊருக்கும் வந்திருக்கு. ஒன்மேல தப்பில்லை. கொஞ்ச நாள் ஒங்கிட்ட இருந்துச்சு, அவ்வளவுதான்.”

பிறகு தினமும் விடியும்போது ஊரில் ஏதாவது ஒன்று குறைந்தது. பள்ளிக்கூடத்துக் கேட், கோயில் மணியின் நாக்கு, கிணற்று ராட்டினம், கட்டில் கால், பீரோ, அரிவாள், அரிவாள்மணை, கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி என்று, ஏதோ ஒரு பசி வீடு வீடாய் வந்து கேட்டுக் கேட்டு வாங்கிப்போனது. டவுன் பஸ்ஸின் பின்வாசல் படி ஊருக்குள் நின்ற நேரத்தில் கழன்று காணாமல் போனதால், அன்றிலிருந்து பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிப் போனது. ஜனங்கள் முதலில் திட்டினார்கள், பிறகு காவல் இருந்தார்கள், பிறகு காவல் இருக்க அலுத்துப்போய்த் தங்கள் பொருள் எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்துக்கொண்டார்கள். மழையில்லாத ஊரில் மனிதர்களுக்குக் கோபம் நீண்டநாள் நிற்பதில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் ஈரம் வேண்டியிருக்கிறது.

ஊர் போர்வெல்லின் மோட்டார் போன அன்றுதான் பெரிய கூச்சல் எழுந்தது. தேடிப்போனால் அது தாங்கியின் வயிற்றில் ஒரு குழாயோடு சேர்ந்து நின்றது. பவுன்ராசு போய்ச் சுவிட்சைத் தட்டினார், கரண்டே இல்லாமல் அது ஓடியது, தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது, ஆனால் போர்த் தண்ணீரும் உப்புத்தான். அன்றிலிருந்து பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போனார்கள். எது எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பிழைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. திருப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் கண்மாய்க்குப் போகமாட்டார்களா என்ன.

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்து, நீர்நிலையை ஆக்கிரமித்திருப்பதாக ஒரு நோட்டீஸைக் கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, யார் பெயரில் ஒட்டுவது என்று தெரியாமல் வழிவிட்டான் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். கடற்படையிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரில் மூத்தவர் கப்பல்மேல் உள்ளங்கையை வைத்தார், வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு வழிவிட்டானிடம் இந்தியில் பேசினார். அவர் சொன்னதை அவன் ஊராருக்கு இரண்டு வரியில் சொன்னான்: “இப்படி ஒரு கப்பல் இல்லையாம். பேரை அடிச்சு முடிச்சாச்சாம். இல்லாததை இழுத்துக்கிட்டுப் போக அவங்ககிட்டக் கயிறு இல்லையாம்.” வந்தவர்கள் டீ குடித்தார்கள், நல்ல டீ என்றார்கள், போய்விட்டார்கள்.

ஆடியும் ஆவணியும் போயின. ஊர் தாங்கியோடு பழகிவிட்டது, தாங்கியும் ஊரோடு பழகிவிட்டது. விமானம் ஓடிய மேல்தளத்தில் முண்டு மிளகாய் காய்ந்தது; மண் ஒட்டாமல், களத்தைவிடச் சுத்தமாய், ஒரே நாளில் காய்ந்தது. மூக்கு தூக்கிய சரிவில் பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கி டவுசரைத் தேய்த்தார்கள். விமானங்களை நிறுத்திவைக்கும் கீழ்க்கூடம் கல்யாண மண்டபத்தைவிடப் பெரிது என்று இரண்டு கல்யாணம் அங்கே நடந்தது. விமானத்தை மேலே தூக்குகிற லிஃப்டில் வெயில் நேரத்தில் ஆடுகளைக் கீழே இறக்கினார்கள், ஆடுகள் அதற்குப் பழகிக்கொண்டு நேரமானால் தாமாகவே போய் அதன்மேல் நின்றன. ரேஷன் கடைத் தராசு அங்கே போய்விட்டதால் ரேஷன் கடையும் அங்கே போனது.

பஞ்சவர்ணத்தின் சட்டி பானை, கரண்டி, தோசைக்கல் எல்லாம் தாங்கியின் சமையலறையில் வரிசையாய்த் தொங்கின. அவள் அங்கே போய்ச் சமைத்து, ஒரு தூக்குவாளியில் புருசனுக்குச் சோறு கொண்டுவந்தாள். தூக்குவாளி பித்தளை என்பதால் தப்பித்திருந்தது. கல்யாணமான புதிதில், குடும்பத்தோடு கப்பலுக்கு வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் அறிவித்தபோது, என்னையும் கூட்டிப்போங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். பாய்லர் ரூமில் உனக்கு என்ன வேலை என்று அவன் சொல்லிவிட்டான். காலண்டர் படம் ஒன்றுதான் அவள் பார்த்தது. இப்போது அவள் கப்பலில் அறை அறையாய் நடந்தாள், நடந்துவிட்டு வந்து சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இத்தனை வருசமும் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

“கோபுரத்தை ஏன் ஓரமா ஒரு பக்கத்துல வச்சாங்க? நடுவுல வச்சா அழகா இருக்குமே.”

“நடுவுல வச்சா விமானம் எங்க எறங்கும்? ஓரத்துலதான் வைக்கணும். வலப்பக்கம் வச்சா அந்த வெயிட்டுக்கு இடப்பக்கம் சரிக்கட்டணும். எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு சரிக்கட்டித்தான் நிக்குது.”

“தளத்துல குறுக்க கெடக்கே, வடம் மாதிரி கம்பி. அது எதுக்கு?”

“எறங்குற விமானத்துக்கு வாலுல ஒரு கொக்கி இருக்கும். அது கம்பியில மாட்டும். மாட்டுனாத்தான் நிக்கும், இல்லாட்டி நேரா கடலுக்குள்ள.”

“போறதையும் பிடிக்குமா?”

“வர்றதைத்தான் பிடிக்கும்.”

அவள் தூக்குவாளியைக் கழுவ எழுந்தாள். “நல்ல கம்பி,” என்றாள்.

ஒருநாள் அவள் அடிவயிறுவரை இறங்கிப் போய்க் கொதிகலன் அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க காத்தே இல்லையே,” என்றாள் கடைசியில்.

“இல்லை.”

“எப்படி இருந்தீங்க?”

“வேற எங்கயாவது இருக்கிறதா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவளுக்கும் தீ தெரியும். அவன் இல்லாத வருசங்களில் அவள் கருவேல விறகு அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டுத்தான் பிழைத்தாள். புகை வெள்ளையாய் வந்தால் ஈரம், நீலமாய் வந்தால் வெந்துவிட்டது, ஓட்டை விழுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டத்தைவிட்டு அகலாமல் அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துக் கிடப்பாள். அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய பருவத்தில் காய்ச்சல் வந்து, அது போய்விட்டது. பிறந்தபோதும் அவன் இல்லை, போனபோதும் அவன் இல்லை. தந்தி போய்ச் சேர்ந்தபோது கப்பல் வேறொரு கடலில் இருந்தது. அவன் வந்தபோது அவள் மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள், கையைக் கழுவாமலே எழுந்து நின்று, “வந்துட்டீங்களா,” என்று மட்டும் கேட்டாள். அதைப்பற்றி அவர்கள் பிறகு பேசியதேயில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. வரும் வரும் என்று பல வருசம் ஏமாற்றிய மழை, எல்லா வருசத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக வந்தது. ஊரில் எந்தக் கூரையிலும் ஆணி இல்லை, எந்தச் சுவரிலும் கம்பி இல்லை, கதவுக்குக் கீல் இல்லை. காற்றடித்ததும் தகரம் பறந்தது, ஓடு சரிந்தது, சுவர் கரைந்தது. ஜனங்கள் பாயைச் சுருட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தாங்கிக்குள் ஏறினார்கள். அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேலேயிருந்து பார்த்தபோது, ஓடைகள் எல்லாம் சிவப்பாய் நுரைத்துக்கொண்டு கண்மாய்க்குள் விழுவது தெரிந்தது, கருவேல மரங்கள் இடுப்புவரை, கழுத்துவரை, பிறகு தலைவரை முழுகுவது தெரிந்தது. ஒருநாள் காலை, எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, தரை மெல்ல நிமிர்ந்தது. சாய்ந்திருந்த தாங்கி நேராய் நின்றது. பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் அதன் அடியிலிருந்து மேல்வரைக்கும் வந்தது. ஒரு கிழட்டு ஆடு கத்தியது.

மிதக்கும் கப்பல் சும்மா இருக்காது. காற்றுக்கு அசைந்து அசைந்து அது கரையை முட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முட்டுக்கும் வண்டிவண்டியாய் மண் சரிந்தது. கரை உடைந்தால் மேலநீராவி மட்டுமல்ல, கீழே இருக்கிற மூன்று ஊரும் போகும். ஒரு முழ அகலத்துக்குக் கரை மிச்சமிருந்தபோது பவுன்ராசு சாகுலையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து, வழிவிட்டான் வீட்டுக்கு வந்தார். ஊரில் ஒருதரம்கூடக் கப்பலில் ஏறாதவன் அவன் ஒருவன்தான். பாதிக் கூரை இல்லாத வீட்டில், ஒழுகாத மூலையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பஞ்சவர்ணம் ஒழுகும் இடங்களில் மண்சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

“தாங்கியைக் கம்மாயை விட்டு வெளியேத்தணும்ணே,” என்றார் பவுன்ராசு. “தண்ணி வழியுற கலுங்கு வழியாப் போனா ஓடை, ஓடை வழியாப் போனா ஆறு, ஆறு போயிக் கடல். வழி இருக்கு, தண்ணியும் இருக்கு.”

“போகச் சொல்லுங்க.”

“அதுக்கு எல்லாம் கெடச்சிருச்சு. ஆணி, கம்பி, மோட்டார், எல்லாம் ஊரு குடுத்திருச்சு. தீ மட்டும் அதுக்குத் தானா மூட்டத் தெரியலை. நீங்க வந்துதான் பத்தவைக்கணும்.”

“எறங்கிருங்க எல்லாரும். பத்தவச்சு அனுப்பிட்டு ஊருக்குள்ள இருங்க.”

சாகுல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “எறங்கி எங்க போறது மாமா? வீடு இல்லை. ஜனம் எறங்க மாட்டேங்குது. கூடவே போறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க.”

“எங்க போறீங்க?”

“எங்கயாவது,” என்றார் பவுன்ராசு. “இம்புட்டு நாளும் ஒருத்தர் ஒருத்தரா ஊரைவிட்டுப் போனோம். இப்ப எல்லாருஞ்சேர்ந்து போறோம். நீங்களும் வாங்க.”

“நான் அதுல ஏறமாட்டேன்.”

அவன் சொன்ன விதத்தில் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவர்கள் வெளியே போய் மழையில் நின்றார்கள். பஞ்சவர்ணம் நிறைந்த சட்டியை வாசலில் கொட்டிவிட்டு வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் போறேன்,” என்றாள்.

“எங்க?”

“தாங்கியில.”

“பைத்தியமா ஒனக்கு? இந்த வயசுல.”

“நீங்க போறப்பல்லாம் நான் ஏன்னு கேட்டேனா?”

மழை சட்டிகளில் வெவ்வேறு சத்தத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“எனக்கு முடியலை பஞ்சு,” என்றான். “அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க முடியாது. எலும்புக்குள்ள இருக்கு அது.”

“ஒங்களை யாரு வரச்சொன்னா? பத்தவச்சுக் குடுத்துட்டு எறங்கிக்கிருங்க. தீயை நான் பார்த்துக்கிறேன்.”

“அது மூட்டம் இல்லை.”

“தீதானே.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். கரி ஏறிய அந்த ரேகைகள் எதில் கழுவினாலும் போகாது. “நீங்க போயிப் போயிச் சலிச்சுட்டீங்க. நான் இருந்து இருந்து சலிச்சுட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனப்பவும் நான்தான் இந்த வாசல்ல இருந்தேன், வெறுங்கையோட திரும்பி வந்தப்பவும் நான்தான் இருந்தேன். இனிமேலும் இருன்னா என்னால முடியாது. கொஞ்ச நாளு நீங்க இருங்க.”

வழிவிட்டான் கட்டிலிலிருந்து எழுந்தான். பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தலையில் கட்டினான். வெளியே நின்றவர்களிடம், “கரி எம்புட்டு இருக்கு?” என்று கேட்டான்.

மழைக்கு முன்னால் போட்ட மூட்டங்களின் கரி, மூட்டை மூட்டையாய்க் கீழ்க்கூடத்தில் அடுக்கிக் கிடந்தது. எண்ணெய் குடித்து ஓடிய கப்பல் கரியைத் தின்னுமா என்று பவுன்ராசு கேட்டார். பசித்தால் தின்னும் என்றான் வழிவிட்டான். படிகளில் இறங்கும்போது அவன் கைப்பிடியைத் தொடவில்லை. தொடாமலே எந்த வளைவில் குனிய வேண்டும், எந்தப் படியில் காலைப் பார்த்து வைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஊரின் இரும்பெல்லாம் அங்கே இருந்தது. அவன் வீட்டு ஜன்னல் கம்பி அடுப்பின் வாயில் சல்லடையாய் இருந்தது. அவன் நின்று தேய்ந்த தரையில் நின்றான், அடுப்பைத் திறந்தான், கரியைப் பரப்பினான், துணியை எண்ணெயில் நனைத்துப் பற்றவைத்து உள்ளே போட்டான். தீ முதலில் தயங்கியது, பிறகு எழுந்தது. அவன் முகத்தில் அந்த வெளிச்சம் பட்டபோது, முப்பது வருசத்துக்கு மேல் வெறுத்த சூட்டில் மழைக்கு விறைத்துப்போன விரல்கள் மெல்ல இளகுவதை உணர்ந்து, அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“இந்தக் கண்ணாடிக் குழாயைப் பாரு,” என்றான் பஞ்சவர்ணத்திடம். “உள்ள தண்ணி நிக்குதில்ல. அது பாதியில நிக்கணும். கீழ எறங்கி மறைஞ்சுச்சுன்னா உள்ள காஞ்சுபோயி வெடிச்சிரும். மேல ஏறி மறைஞ்சாலும் ஆபத்துத்தான்.”

“மூட்டத்துக்குப் பொகையைப் பார்க்கணும், இதுக்குத் தண்ணியைப் பார்க்கணும்.”

“அம்புட்டுத்தான். கண்ணை மட்டும் எடுத்துறாத.”

“நான் எப்ப எடுத்தேன்?”

அழுத்தம் காட்டும் முள் அசைந்தது. குழாய்கள் ஒவ்வொன்றாய்ச் சூடேறிச் சொடுக்குவிட்டன. பிறகு அந்தச் சத்தம் வந்தது: தாழ்வாக, எங்கிருந்து என்று தெரியாமல், பல்லிடுக்கில் நடுங்குகிற சத்தம். பஞ்சவர்ணம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். இத்தனை வருசமும் இவன் லீவில் வந்து திண்ணையில் படுத்துத் தூங்க முடியாமல் புரண்ட ராத்திரிகளில் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவன் தலைத்துண்டை அவிழ்த்து அவளிடம் நீட்டினான், அவள் வாங்கி நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் குழாயிலிருந்து பார்வையை எடுக்காமல், “ஆட்டைக் கலுங்குப் பக்கம் விடாதீங்க, வழுக்கும்,” என்றாள். 

“சரி.”

“உப்புக் கல்லு மேல் மாடத்துல இருக்கு.”

“சரி.”

அவன் மேலே ஏறினான். கப்பல் கரையை ஒட்டி வந்த ஒரு நேரம் பார்த்து, சாகுலும் பவுன்ராசும் கயிற்றில் பிடித்து இறக்க, மிச்சமிருந்த கரையில் காலை வைத்தான். கடைசி நேரத்தில் அவன் மனம் மாறிவிடுவான் என்று ஊர் நினைத்திருந்தது. அவன் கயிற்றை அவிழ்த்து மேலே வீசிவிட்டான்.

தாங்கி மெல்லத் திரும்பியது. புகைபோக்கியிலிருந்து முதலில் வெள்ளையாய், பிறகு நீலமாய்ப் புகை வந்தது. கலுங்கின் மேல் ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளம், அந்தப் பெரிய உடம்பை ஒரு வாழைமட்டையைப்போல வாங்கி ஓடைக்குள் விட்டது. மேல்தளத்தில் ஊரே நின்றது. பெண்களும் பிள்ளைகளும், கிழடுகளும் கைக்குழந்தைகளும், கூரையை இழந்தவர்களும் இழக்கக் கூரையே இல்லாதவர்களும் வரிசையாய் நின்று கையசைத்தார்கள். பஞ்சவர்ணம் அவர்களில் இல்லை. அடியில் நிற்பவர்கள் கையசைக்க மேலே வருவதில்லை என்பது வழிவிட்டானுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் கையைத் தூக்கினான், புகை தெரிந்தவரைக்கும் இறக்கவில்லை.

கரை உடையவில்லை. மழை வெறித்ததும் கண்மாய், கண்ணுக்கு எட்டின மட்டும், தளும்பி நின்றது. அப்படி ஒரு தண்ணீர் இருந்தால் இரண்டு போகம் விளையும், விதைக்க ஆளில்லை. நாரைகள் வந்தன, உள்ளான் வந்தது, பெயர் தெரியாத பறவைகள் எங்கெங்கிருந்தோ வந்தன. வழிவிட்டான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான், கலுங்குப் பக்கம் விடவில்லை. மண்பானையில் உலை வைத்தான், சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் அரிசியாய் நின்றது, அவன் இரண்டையும் தின்றான். விழுந்த வீடுகளுக்கு முன்னால் யாரும் கூட்டாத வாசல்களில் புல் முளைத்தது. சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்பதும், அது முதுகை வலிக்க வைக்கும் என்பதும், எந்த அடுப்பின் முன்னாலும் அவனுக்கு இப்படி அலுத்ததில்லை என்பதும் மெதுவாகத்தான் அவனுக்குப் புரிந்தது.

மார்கழி பிறந்த பிறகு டவுன் பஸ் பழையபடி ஊருக்குள் வந்து பார்த்தது. புதிதாய் மாட்டிய படியில் ஒரு கண்டக்டர் நின்றான், இளைஞன், இந்த ரூட்டுக்குப் புதியவன். ஏற யாருமில்லாத நிறுத்தத்தில் இறங்கிச் சோம்பல் முறித்தவன், வாசலில் இருந்த வழிவிட்டானிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவன் மண்குவளையில் கொண்டுவந்து கொடுத்தான்.

“என்னங்கய்யா, ஊரே வெறிச்சுன்னு கெடக்கு. வீட்டுல அம்மா இல்லையா?”

“கப்பலுக்குப் போயிருக்கு.”

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கப்பலுக்குப் போயிருப்பது வழக்கம் என்பதால் கண்டக்டர் மறுகேள்வி கேட்கவில்லை. தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.

“எப்ப வருவாங்க?”

வழிவிட்டான் குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை வாசல் புல்லில் ஊற்றினான்.

“லீவு கெடச்சா வருவா,” என்றான்.